நாலு ஜோடி ஸ்பீக்கர்... ஒரு ஆம்ப்ளிஃபயர்... ஒரு பொய்!



போன வாரம் ஹாஸ்டல் அயர்ன் பாக்ஸ் மேட்டரைப் படிச்சிட்டு நிறைய பேர் 'நல்லா இருந்துச்சு'னு சொன்னீங்க. தேங்க்ஸ். இந்த வாரம் கொஞ்சம் சத்தமான மேட்டர். சத்தத்தோட கொஞ்சம் புகையும் வரும். கடைசியில ஒரு பாவ மன்னிப்பும் உண்டு. பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு கேள்வி. உங்க வீட்டு ஸ்பீக்கர் எத்தனை வாட்? 'டக்'னு சொல்லிடுவீங்க. எத்தனை ஓம்?

ஙே!

அதே 'ஙே'தான் நானும் முழிச்சேன். இத்தனைக்கும் நான் படிக்கிறது ட்ரிபிள் ஈ. சர்க்யூட் தியரி பேப்பர்ல ஓம் விதியை கட்டம் கட்டி, அடிக்கோடு போட்டு எழுதி மார்க் வாங்கினவன். அந்த விதி எங்க வீட்டு ஹாலுக்குள்ளயும் செல்லும்னு எனக்கு அப்போ தோணவே இல்லை.

எங்க ஊர் தாமல். காஞ்சிபுரத்துல இருந்து வேலூர் பக்கம் பெங்களூரு ஹைவேயில போனா வரும். பெரிய ஏரி ஒண்ணு, தாமோதரப் பெருமாள் கோயில், வராகீஸ்வரர் கோயில், அப்புறம் தறி. எங்க அப்பாவுக்கும் தறிதான். பட்டு நெசவுல கோர்வைச் சேலை நெய்யும்போது ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கு ரெண்டு நாடானு மூணு நாடா ஓடணும். அப்பா தறிக்குழியில காலை இறக்கி உட்காருவார். பக்கத்துல அம்மா உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் பார்த்துப்பாங்க. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் இப்படியே ஓடும். கை ஒரு கணக்குல போகும், கால் ஒரு கணக்குல போகும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் பாட்டு.

அப்பா ஒரு முகூர்த்த சீசன்ல ரெண்டு சேலை கூடுதலா நெய்து, அந்தக் கூலியில வாங்கின ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு வீட்டுல இருக்கு. பெரிய கம்பெனி செட் இல்ல. லோக்கல் அசெம்பிள்டு. டூ-என்-3055 டிரான்சிஸ்டர் போட்டது. பின்னாடி அலுமினிய ஹீட் சிங்க் சீப்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். ஹால்ல ஒரு ஜோடி ஸ்பீக்கர். இது வரைக்கும் பிரச்னை இல்லை.

பிரச்னை என்னன்னா, ஹால்ல பாடறது தறி ரூமுக்குக் கேட்கணும்னா வால்யூமை ஏத்தணும். ஏத்தினா ஹால்ல உட்கார்ந்து நான் படிக்க முடியாது. பக்கத்து வீட்டு அத்தை சுவத்தைத் தட்டுவாங்க. அப்படி ஏத்தினாலும் திண்ணையில படுத்திருக்கிற தாத்தாவுக்குக் கேட்காது. அவருக்குக் காது மந்தம். "டேய் பேராண்டி, உன் படிப்புல இதுக்கு ஒரு வழி இல்லியா?"னு கேட்டுட்டார்.

தன்மானப் பிரச்னை பாஸ்! விடுவேனா?

ஆனி மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை. தறி ரூமுக்கு ஒரு ஜோடி, சமையல்கட்டுக்கு ஒரு ஜோடி, திண்ணைக்கு ஒரு ஜோடினு பழைய ஸ்பீக்கர் தேத்தினேன். திண்ணைக்குக் கிடைச்சது யாரோ கார்ல இருந்து கழட்டிப் போட்ட ஸ்பீக்கர். எல்லா ஒயரையும் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயர் பின்னாடி இருந்த அதே சிவப்பு, கறுப்பு முனையில முறுக்கிச் சேர்த்தேன். ஸ்விட்ச் போட்டு வால்யூமை ஏத்தினேன். 'பட்'னு ஃப்யூஸ் போயிடுச்சு.

அங்கயே நிறுத்தியிருக்கணும். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ஃப்யூஸ் இருந்த இடத்துல ஒயர்ல இருந்து ரெண்டு செப்பு இழையைப் பிரிச்சு வெச்சுட்டேன். இன்ஜினீயர்!

பாட்டு வந்துச்சு. நாலு இடத்துலயும் வந்துச்சு. தாத்தா திண்ணையில எழுந்து உட்கார்ந்தார். அம்மா தறியில இருந்தே என்னைப் பார்த்து சிரிச்சாங்க. என் வாழ்க்கையில அந்த முக்கால் மணி நேரம் மாதிரி பெருமையா நான் இருந்ததே இல்லை.

முக்கால் மணி நேரம்தான். அப்புறம் ஒரு வாடை. பக்கெலைட் கருகுற வாடை எப்படி இருக்கும்னு லேப்ல அடிவாங்கினவங்களுக்குத் தெரியும். ஆம்ப்ளிஃபயர் மேல் மூடியில இருந்து புகை. பிளக்கைப் பிடுங்கினேன்.

அப்பா தறியில இருந்து எழுந்து வந்து "இன்னாப்பா ஆச்சு?"னு கேட்டார்.

நான் சொன்னேன்: "கரன்ட் ஏறி இறங்கிடுச்சுப்பா."

அவர் நம்பிட்டார். மகன் கரன்ட்டைப் பத்திதானே படிக்கிறான்! அவனுக்குத் தெரியாதா? மூணு வாரம் எங்க தறி ரூம்ல நாடா சத்தத்தைத் தவிர வேற சத்தம் இல்லை.

மைக் செட் அண்ணன் கேட்ட முதல் கேள்வி

ஆடி மாசம் பொறந்தது. அம்மன் கோயில்ல கூழ் ஊத்துற திருவிழா. தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்ட ஆரம்பிச்சாங்க. மைக் செட் அண்ணன் ஒரு சின்ன மேஜை மேல ஆம்ப்ளிஃபயரை வெச்சுட்டு, கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு பேப்பர் படிக்கிறார். ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயர். அதுல இருந்து போற ஒயர்ல இருபது குழாய் பாடுது. ராத்திரி வரைக்கும் பாடுது. சூடாகல, புகையல.

எனக்குப் பொறுக்கல. போய்க் கேட்டுட்டேன். "அண்ணே, நான் நாலு ஜோடி போட்டதுக்கே எனக்குப் புகைஞ்சிடுச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி?"

அவர் பேப்பரை மடிக்கக்கூட இல்லை. "ஓம் பார்த்தியா?"

அவ்வளவுதான். ஒரே கேள்வி. நாலு வருஷ கோர்ஸ் அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள அடங்கிடுச்சு.

ஏரியும் மதகும்

ஜெர்மனியில கொலோன் நகரத்துல பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவர் ஜார்ஜ் சைமன் ஓம். 1827-ல புத்தகம் போட்டார். அவர் ஊர்ல அப்போ பெருசா யாரும் மதிக்கலை. 1841-ல லண்டன் ராயல் சொஸைட்டி பதக்கம் கொடுத்த பிறகுதான் மரியாதை வந்தது. அவர் சொன்னது இதுதான்: வோல்ட்டை ஓமால வகுத்தா ஆம்பியர்.

எங்க ஊர் பாஷையில சொல்றேன். ஏரியில தண்ணி நிக்கிற உயரம்தான் வோல்ட். மதகு வழியா ஓடுற தண்ணி ஆம்பியர். மதகு எவ்வளவு குறுகலோ, அதுதான் ஓம். ஏரியில தண்ணி அதே உயரம் நிக்கும்போது இன்னொரு மதகைத் திறந்தா என்ன ஆகும்? ஏற்கெனவே ஓடுற தண்ணி குறையாது. புதுசா இன்னொரு பங்கு தண்ணி சேர்ந்து ஓடும். நாலு மதகைத் திறந்தா நாலு பங்கு.

நான் நினைச்சது என்னன்னா, ஸ்பீக்கர் ஜாஸ்தியானா ஆம்ப்ளிஃபயர் தன்னோட 'பவரை' நாலு பேருக்கும் பங்கு பிரிச்சுக் கொடுக்கும்னு. தப்பு! அது பங்கு பிரிக்கிறது இல்லை. கேட்கிற எல்லாருக்கும் முழுசா கொடுக்கப் பார்க்கும். கொடுக்க முடியாம சூடாகும். நம்ம அம்மாக்கள் மாதிரி.

கணக்குப் போடுவோம். ஒரு பக்க சேனலை மட்டும் எடுத்துக்கலாம். வால்யூமை முழுசா திருகினா 16 வோல்ட் வருதுனு வெச்சுக்குங்க.

8 ஓம் ஸ்பீக்கர் ஒண்ணு: 2 ஆம்பியர், 32 வாட். ஆம்ப்ளிஃபயர் ஹாப்பி.

அதே முனையில 8 ஓம் ரெண்டு: மொத்தம் 4 ஓம். 4 ஆம்பியர், 64 வாட். நல்ல ஆம்ப்ளிஃபயர்னா தாங்கும்.

மூணு: மொத்தம் 2.67 ஓம். 6 ஆம்பியர், 96 வாட். வேர்க்க ஆரம்பிக்கும்.

நாலு: 2 ஓம். 8 ஆம்பியர், 128 வாட்.

என் கேஸ் இதைவிட மோசம். திண்ணைக்குப் போட்டது கார் ஸ்பீக்கர்னு சொன்னேன்ல? கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். அதாவது ஒரு மதகுக்குப் பதில் ரெண்டு மதகு அகலம். மூணு 8 ஓமும் ஒரு 4 ஓமும் சேர்ந்தா 1.6 ஓம். 10 ஆம்பியர், 160 வாட்! 2 ஆம்பியர் ஆசாமிகிட்ட 10 ஆம்பியர் கேட்டிருக்கேன்.

"டேட்டா ஷீட்ல டூ-என்-3055 பதினஞ்சு ஆம்பியர் தாங்கும்னு இருக்கேண்ணே"னு அப்பவும் நான் விடல. படிச்ச திமிர்.

அதே டேட்டா ஷீட்ல அடுத்த வரியை நான் படிக்கல. அந்த டிரான்சிஸ்டர் 115 வாட் சூட்டைத் தாங்கும்னு போட்டிருக்கும். ஆனா, அதோட உடம்பு 25 டிகிரியில இருக்கிற வரைக்கும்தான். நம்ம ஊர் ஆனி மாசத்துல, மூடின பெட்டிக்குள்ள, அது 25 டிகிரியில இருக்குமா? உடம்பு 100 டிகிரிக்குப் போயிட்டா தாங்குறது சுமார் 65 வாட்தான். 200 டிகிரியில சுத்தமா பூஜ்யம். தவிர, 10 ஆம்பியர்ங்கிறது சராசரிக் கணக்கு. அலையோட உச்சியில அது 14-ஐத் தாண்டும். ஆக, ஃப்யூஸ் செத்து எனக்கு எச்சரிக்கை கொடுத்தது. நான் அதோட வாயில செப்புக்கம்பியைத் திணிச்சேன்.

அப்போ வழியே இல்லையா?

இருக்கு. ஒண்ணுக்கு மூணு இருக்கு.

ஒண்ணு, சீரியல். நம்ம பாஷையில தொடர் இணைப்பு. ஆம்ப்ளிஃபயர் சிவப்புல இருந்து முதல் ஸ்பீக்கர் சிவப்புக்கு. முதல் ஸ்பீக்கர் கறுப்புல இருந்து ரெண்டாவது ஸ்பீக்கர் சிவப்புக்கு. ரெண்டாவது கறுப்புல இருந்து ஆம்ப்ளிஃபயர் கறுப்புக்கு. 8-ம் 8-ம் 16 ஓம். 1 ஆம்பியர்தான் ஓடும். ஆம்ப்ளிஃபயர் ஜாலியா இருக்கும். ஆனா ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 32 வாட்டுக்குப் பதில் 8 வாட்தான் போகும். ஒண்ணு கட் ஆனா அடுத்ததும் ஊமை. ரெண்டும் ஒரே ரகமா இல்லைனா சத்தத்தோட குணமும் மாறிடும். ஏன்னா ஸ்பீக்கரோட ஓம் நிலையா நிக்கிறது இல்லை. பேஸ் சத்தத்துக்கு ஒண்ணு, கீச்சுக் குரலுக்கு ஒண்ணுனு ஏறி இறங்கும். '8 ஓம்'ங்கிறது ஒரு பேச்சுக்குப் போடுற பேர். மல்ட்டிமீட்டர்ல வெச்சுப் பார்த்தா 6, 7-னுதான் காட்டும். பயப்படாதீங்க, அது கரெக்ட்தான்.

ரெண்டு, கலப்பு இணைப்பு. இதுதான் எனக்கு ஆச்சர்யம். ரெண்டு ஸ்பீக்கரைச் சீரியல்ல கோத்தா 16 ஓம். இன்னும் ரெண்டைக் கோத்தா இன்னொரு 16 ஓம். இந்த ரெண்டு 16-ஐயும் பக்கம் பக்கமா ஆம்ப்ளிஃபயர் முனையில சேர்த்தா... மறுபடியும் 8 ஓம்! ஆம்ப்ளிஃபயரைப் பொறுத்தவரைக்கும் அங்க ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கு. 32 வாட்டை நாலு பேரும் எட்டு எட்டா பிரிச்சுக்குவாங்க. நான் முதல்ல கற்பனை பண்ணின 'பங்கு பிரிக்கிறது' இங்கதான் நிஜமா நடக்குது.

மூணு, மைக் செட் அண்ணனோட வழி. அவர் வெச்சிருந்தது அஹுஜா ஆம்ப்ளிஃபயர். அந்த மாதிரி செட்டுகளோட முதுகுல பார்த்தீங்கன்னா 4 ஓம், 8 ஓம், 16 ஓம்னு முனைகள் இருக்கும். பக்கத்துலயே 70 வோல்ட், 100 வோல்ட்னும் இருக்கும். அண்ணன் மாட்டியிருந்தது 100 வோல்ட்ல. ஒவ்வொரு குழாய்லயும் ஒரு சின்ன லைன் டிரான்ஸ்ஃபார்மர். இந்தக் குழாய்க்கு 10 வாட்னு முடிவு பண்ணி அதுல 10 வாட் முனையை எடுத்தா, லைன்ல அது 1,000 ஓமா தெரியும். இருபது குழாயையும் பக்கம் பக்கமா சேர்த்தாலும் 50 ஓம். ஓடுறது வெறும் 2 ஆம்பியர்.

அண்ணன் ஓம் கணக்கே போடறது இல்லை. 'குழாய் எத்தனை, ஒவ்வொண்ணும் எத்தனை வாட், கூட்டினா ஆம்ப்ளிஃபயர் வாட்டுக்குள்ள வருதா'னு மட்டும் பார்ப்பார். வந்தா கட்டு, வரலைனா கழட்டு. அதே 200 வாட்டை 4 ஓம் வழியா அனுப்பியிருந்தா 7 ஆம்பியர் ஓடணும். அந்த மெல்லிசு ஒயர்ல தெருக்கோடிக்குப் போறதுக்குள்ள பாதி சூடாவே போயிடும். பவர் ஸ்டேஷன்ல இருந்து ஊருக்குக் கரன்ட்டை ஹை வோல்ட்டேஜ்ல ஏன் கொண்டு வர்றாங்கனு ரெண்டாவது வருஷம் படிச்சோமே, அதே காரணம். அது அம்மன் கோயில் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்திருக்கு. நான்தான் பார்க்கல.

முறுக்குறதுக்கு முன்னாடி...

நீங்களும் இந்த வேலையில இறங்குறதா இருந்தா, கீழே இருக்கிறதை ஒருமுறை பார்த்துடுங்க. எல்லாம் நான் அடிபட்டும், அண்ணன்கிட்ட திட்டு வாங்கியும் சேர்த்தது.

* ஆம்ப்ளிஃபயர் முதுகைப் படிங்க. 'ஏ' ஸ்பீக்கர், 'பி' ஸ்பீக்கர்னு ரெண்டு செட் முனை இருக்கிற மாடல்ல, ஏ அல்லது பி மட்டும்னா 4 ஓமுக்கு மேல இருக்கணும்னும், ரெண்டும் சேர்ந்துனா ஒவ்வொண்ணும் 8 ஓமுக்கு மேல இருக்கணும்னும் போட்டிருப்பாங்க. ஏன்னு இப்போ உங்களுக்கே தெரியும்.

* இப்போ வர்ற சின்னச் சின்ன கிளாஸ் டி போர்டுகள் பலதும் பிரிட்ஜ் டைப். அதுல கறுப்பு முனையும் உயிரோடதான் இருக்கும். லெஃப்ட் கறுப்பையும் ரைட் கறுப்பையும் ஒண்ணா முறுக்கி ஒரு ஒயரை மிச்சம் பிடிக்கலாம்னு நினைச்சா, போர்டு காலி.

* சிவப்பு, கறுப்பு மாறக் கூடாது. மாறினா ஒரு ஸ்பீக்கர் முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்கும். பேஸ் காணாமப் போயிடும். பழைய ஸ்பீக்கர்ல அடையாளம் அழிஞ்சு போயிருந்தா, ஒரு பென்சில் செல்லை எடுத்து முனையில ஒரு நொடி தொட்டுப் பாருங்க. கூம்பு வெளியே தள்ளினா, செல்லோட ப்ளஸ் பட்ட முனைதான் சிவப்பு.

* ஒயர்ல கஞ்சத்தனம் வேண்டாம். அரை சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரை 10 மீட்டர் இழுத்தா, போக வர 20 மீட்டர். அதுவே கிட்டத்தட்ட 0.7 ஓம் ஆயிடும். ஒரு சதுர மில்லிமீட்டர்னா அதுல பாதி.

* வெவ்வேற ஓம் ஸ்பீக்கரைக் கலக்காதீங்க. 4 ஓமையும் 8 ஓமையும் பக்கம் பக்கமா போட்டா, 4 ஓம் ஆள் ரெண்டு பங்கு சாப்பிடுவார்.

* கடைசியா, ஃப்யூஸ் போனா அதே அளவு ஃப்யூஸ். கம்பி இல்லை. இல்லை. இல்லவே இல்லை!

8 வாட் போதுமா?

இதைக் கேட்காத ஆம்பளைப் பசங்களே கிடையாது. 'எங்க செட் ஆயிரம் வாட் மச்சி'னு சொன்னாத்தான் கெத்து.

சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்துல, 85-ல இருந்து 90 டெசிபல் வரைக்கும் கொடுக்கும். அதுவே கத்திப் பேசற அளவு. அதுல இருந்து சத்தம் 3 டெசிபல் ஏற வாட்டை ரெண்டு மடங்காக்கணும். ஆனா ஸ்பீக்கர் பக்கத்துல பாதி தூரம் போனா, திறந்தவெளியில 6 டெசிபல் சும்மாவே கிடைக்கும். அதாவது, நாலு மடங்கு வாட்டு போட்டு வாங்கவேண்டியதை ரெண்டடி நகர்ந்து வாங்கலாம். வீட்டுக்குள்ள சுவர் எதிரொலிக்கிறதால கணக்கு கொஞ்சம் குறையும், ஆனா விஷயம் அதேதான்.

இதுதான் எனக்கு அன்னிக்கு உறைச்சது. நிறைய ஸ்பீக்கர் மாட்டுறது சத்தம் கூட்டுறதுக்கு இல்லை. சத்தத்தைக் குறைக்கிறதுக்கு! கேட்கிறவர் பக்கத்துல ஸ்பீக்கர் இருந்தா ஹால்ல அலறவேண்டியது இல்லை. தறியில இருக்கிறவருக்குத் தறிகிட்ட, தாத்தாவுக்கு தலைமாட்டுல. பக்கத்து வீட்டு அத்தைக்கு நிம்மதி.

நிம்மதிக்குச் சட்டமும் இருக்கு பாஸ். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரியில 45 டெசிபல்தான் அளவு. ராத்திரி 10-ல இருந்து காலையில 6 வரைக்கும் ஒலிபெருக்கிக்குத் தடை. 2005-ல சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. திருவிழாவுல 10 மணி அடிச்சதும் மைக் செட் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்து சுவிட்சை அணைக்கிறது சும்மா இல்லை.

பாவ மன்னிப்பு

அண்ணன் திருவிழா முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்தார். ரெண்டு பக்கமும் அவுட்புட் டிரான்சிஸ்டர் அவுட். டிரான்ஸ்ஃபார்மர் தப்பிச்சிடுச்சு. ஃப்யூஸ் இடத்துல இருந்த செப்புக்கம்பியை ஸ்க்ரூ டிரைவரால நெம்பி எடுத்து என் உள்ளங்கையில வெச்சார். "இதை அப்பாகிட்ட நீயே காட்டு. நான் சொல்ல மாட்டேன்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

தறி ரூமுக்குப் போனேன். "அப்பா, அன்னிக்கு கரன்ட் ஏறி இறங்கல. நான்தான்..."னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். கம்பியையும் காட்டினேன்.

ஆம்ப்ளிஃபயர் போனதுக்குத் திட்டுவார்னு நினைச்சேன். அவர் அதைப் பத்திப் பேசவே இல்லை. கம்பியைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தறியைப் பார்த்தார்.

"அன்னிக்கு இது தீப்பிடிச்சிருந்தா?"

நான் பேசல.

"தறியில பாவு இருந்துச்சு. முக்கால் சேலை ஆயிருந்துச்சு. பட்டும் ஜரிகையும் நம்முது இல்லைப்பா."

எனக்கு அப்பதான் வயித்தைக் கலக்கிச்சு. கூலிக்கு நெய்யறவங்க வீட்டுல தறி மேல இருக்கிற பட்டு அடுத்தவங்க சொத்து. அது எரிஞ்சிருந்தா அப்பா அதை எத்தனை வருஷம் அடைச்சிருப்பார்? நான் ஆம்பியரை மட்டும் கணக்குப் போட்டேன். இதைப் போடவே இல்லை. ஸ்பீக்கர் பிரிச்சுப் போட்டது கூட அறியாமை. ஆனா 'கரன்ட் ஏறி இறங்கிடுச்சு'னு சொன்னேனே, அது? நான் படிச்ச படிப்பு மேல அவர் வெச்சிருந்த நம்பிக்கையைத்தான் அதுக்கு முட்டுக் கொடுத்திருக்கேன்.

ரெண்டு நாள் அப்பா என்கிட்ட சரியா பேசல. மூணாவது நாள் ராத்திரி சாப்பிடும்போது, "அந்த ஓம் கணக்கு எனக்கும் சொல்லு"னார்.

ஒரு பழைய நோட்டுல போட்டுக் காட்டினேன். ஆயிரக்கணக்குல பாவு இழையை எண்ணி அச்சுல கோக்கிறவங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. கலப்பு இணைப்புக்கு வந்ததும் நான் விடையைச் சொல்றதுக்கு முன்னாடியே அவர் சொன்னார்: "மறுபடியும் எட்டுதானே வருது?"

நான் மூணு செமஸ்டர்ல புரிஞ்சுக்காததை, சோத்துக்கையோட அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுக்கிட்டார்.

இப்போ எங்க வீட்டுல நாலு ஜோடி பாடுது. கார் ஸ்பீக்கரைத் தூக்கிட்டு, எல்லாமே ஒரே அளவு 8 ஓம் ஸ்பீக்கர். ஹாலும் சமையல்கட்டும் ஒரு சரம். தறி ரூமும் திண்ணையும் இன்னொரு சரம். ரெண்டும் சேர்ந்து 8 ஓம். நான் படிக்கும்போது ஹால் சரத்தை ஒரு சுவிட்சால மொத்தமா கழட்டிடலாம். மிச்சம் 16 ஓம்தான் இருக்கும், ஆம்ப்ளிஃபயருக்கு ஆபத்து இல்லை. திண்ணை ஸ்பீக்கர்ல 'எல்-பேட்'னு ஒரு திருகு மாட்டியிருக்கேன். தாத்தா தன் இஷ்டத்துக்கு சத்தத்தைக் குறைச்சாலும் 8 ஓம் அப்படியே நிக்கும். அவர் இதுவரைக்கும் குறைச்சதே இல்லைங்கிறது வேற விஷயம்!

ரிப்பேர் செலவு? இந்தப் பக்கத்துல எழுதி வந்த காசுல கொடுத்தேன். அப்போ அந்த மேட்டரை எழுதாம விட்டா எப்படி?

அந்தச் செப்புக்கம்பி இன்னும் இருக்கு. என் கால்குலேட்டர் மூடிக்குள்ள செல்லோடேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கேன். வர்ற செமஸ்டர்ல ஓம் விதியைப் பத்திக் கேள்வி வந்தா, கட்டம் கட்டுறதுக்கு முன்னாடி மூடியை ஒரு தடவை பார்த்துக்குவேன்.

அடுத்த வாரம்: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஏன் டிஸ்டில்டு வாட்டர்? குழாய்த் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? பக்கத்து ரூம் பையன் ஊத்திட்டான். பை... பை!